அஞ்சு ஸ்டார் ஐடி

சேக்காட்டில் எனக்கு வீடு கிடைத்தது ஒரு சொல்லால். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. அழகேசன் சொன்னான்.

அழகேசனும் நானும் ஒரே ஆப்பில் டெலிவரி செய்கிறவர்கள். அவன் அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆவடி வட்டாரத்தில் எந்தத் தெருவில் எந்தக் கேட்டில் டு-லெட் பலகை தொங்குகிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்கு அத்துப்படி. போன ஆகஸ்டில் எனக்கு வீடு வேண்டும் என்றேன். மறுநாளே பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து இருதயராஜ் வீட்டு வாசலில் இறக்கினான்.

இருதயராஜ் திண்டுக்கல்காரர். டேங்க் ஃபேக்டரியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் இருந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. கீழே அவரும் மனைவி ஞானம்மாளும். மகன் மஸ்கட்டில். மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. அதைத்தான் வாடகைக்கு விடுகிறார்.

"பர்மனென்ட் வேலையில இருக்கிற ஆளுக்குத்தான் விடறது," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "தம்பி எதுல இருக்காரு?"

நான் யோசிப்பதற்குள் அழகேசன் முந்திக்கொண்டான்.

"சாருக்கு ஐடி கீது சார். அஞ்சு ஸ்டார் ஐடி. ஒரு தபா கூட ஆஃப் ஆனதில்ல."

எங்கள் தொழிலில் ஆப் கணக்குக்கு ஐடி என்று பெயர். ஐடி ஆன், ஐடி ஆஃப், ஐடி போச்சு. காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்பதே "ஐடி ஓடுதா?" என்றுதான். இருதயராஜுக்கு வேறொரு ஐடிதான் தெரியும்.

"கம்பெனி எங்க? அம்பத்தூர் எஸ்டேட்டா?"

"ஆரம்பிச்சது அம்பத்தூரு. இப்ப ஆவடி ஜோனுக்கு மாத்திக்கினாரு."

"டிரான்ஸ்ஃபரா. நல்லது. ஷிஃப்ட்டு உண்டா?"

"ஷிஃப்ட்டு அவரு இஷ்டம் சார். எப்ப ஓணுமோ ஆன் பண்ணிக்குவாரு."

இருதயராஜ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயசுல அவ்வளவு பெரிய போஸ்ட்டா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மாதங்களில் எதையும் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

"குடும்பம்?" என்று கேட்டார்.

"மனைவி இறந்துட்டாங்க சார். ஏப்ரல்ல."

ஞானம்மாள் உள்ளிருந்து வந்து கதவருகே நின்றார். இருதயராஜ் பலகையைப் பார்த்தார். அதில் 'குடும்பத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

"பேச்சிலருக்கு விடறதில்லையே," என்றார் தயங்கி.

"இந்தப் பையன் என்ன பேச்சிலரா?" என்றார் ஞானம்மாள். "சாவியை எடுத்துட்டு வாங்க."

வெளியே வந்ததும் அழகேசனிடம் சொன்னேன், அவர் சாஃப்ட்வேர் என்று நினைத்துக்கொண்டார் என்று.

"அப்டியா?" என்றான். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "நான் ஒண்ணும் பொய் சொல்லலியே மாமே. உனுக்கு ஐடி இல்லியா இன்னா?"

*

ஒரு காலத்தில் அவர் நினைத்த ஐடியிலும் நான் இருந்தேன். பி.இ. படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. முகப்பேரில் மூன்றாம் மாடியில் நானும் பவ்யாவும். ஏப்ரலில் ஒரு நாள் காலையில் தலை வலிக்கிறது என்றாள். மூளையில் இரத்தக் கசிவு. மாலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் உடலை ஒப்படைக்க என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள்.

விடுப்பு முடிந்து ஆபீசுக்குப் போனேன். எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். லிஃப்டில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய ஒரு வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மூன்று மாதம் என்றால் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

டெலிவரியில் எந்த வேலையும் அரை மணி நேரத்துக்கு மேல் போவதில்லை. ஒரு பொட்டலம் இங்கிருந்து அங்கே போகிறது. போய்ச் சேர்ந்ததும் அந்த வேலை உலகத்தில் இல்லை. அடுத்தது வருகிறது. நாளைக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அது ஒத்துப்போனது. கதவைத் திறக்கிறவர்கள் என் கையில் இருப்பதைப் பார்க்கிறார்களே தவிர, முகத்தைப் பார்ப்பதில்லை. அதுவும் ஒத்துப்போனது.

நாங்கள் ஆர்டருக்காகக் காத்திருப்பது ஆவடி செக்போஸ்ட் அருகே, மூடிய ஒரு செருப்புக் கடையின் நிழலில். அங்கே பேங்கில் கடன் வசூல் செய்தவர் இருந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர் இருந்தார். பகலில் கூரியர், மாலையில் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பரிமாறுவது என்று மூன்று வேலை பார்க்கிறவரும் இருந்தார். யாரும் யாரையும் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டதில்லை. மழை வருமா என்று பேசுவோம். எந்த அபார்ட்மென்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று பேசுவோம்.

அழகேசனுக்கு இது முதல் வேலை. "எங்கப்பனுக்கு எஸ்டேட்ல சங்கு ஊதனாதான் சோறு," என்பான். "எனுக்கு நான் ஊதறதுதான் சங்கு."

சேக்காட்டு வீட்டில் முதல் இரவு பத்து மணி நேரம் தூங்கினேன். பவ்யா போன பிறகு அதுவரை நான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. ஏனென்று தெரியாது. சன்னலுக்கு அப்பால் ரயில் பாதை. மின்சார ரயில் போகும்போது சமையலறையில் தம்ளர்கள் மெல்ல நடுங்கும். காலையில் கீழே ஞானம்மாள் வாளியை இழுக்கும் சத்தம். அவ்வளவுதான். வேறு எங்கே போனாலும் அப்படித் தூக்கம் வருமா என்று சோதித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. அந்த வருடத்தில் எனக்கு வேண்டும் என்று தோன்றிய பொருள் அது ஒன்றுதான்.

அதனால் அந்தச் சொல்லை நான் திருத்தாமலே விட்டேன்.

காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் லேப்டாப் பையுமாக இறங்குவேன். பையில் லேப்டாப் இருக்காது, ஆப்பின் டி-ஷர்ட் இருக்கும். சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. பைக்கில் மாட்டும் டெலிவரிப் பெட்டியை அங்கேதான் போட்டு வைத்திருந்தேன். அங்கே சட்டை மாற்றிக்கொள்வேன். டி-ஷர்ட்டை அறைக்குள்ளேயே துவைத்து அறைக்குள்ளேயே காயப்போடுவேன். எங்கள் தெருவிலிருந்து ஆர்டர் வந்தால் வேண்டாம் என்று தள்ளிவிடுவேன்.

தெருவில் 'மாடி வீட்டு ஐடி தம்பி' என்று பேர் ஆகிவிட்டது. இருதயராஜ் சர்ச்சில் சொன்னார். ரிட்டயர் ஆனவர்கள் சங்கத்தில் சொன்னார். முதலில் அவருடைய தங்கை மகனின் பயோடேட்டா வந்தது. பிறகு எதிர்வீட்டு சுதாவின் பயோடேட்டா. அப்புறம் மூலை மளிகைக் கடைக்காரரின் மருமகனுடையது. "உங்க ஹெச்ஆர்ல ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி." எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து என் பழைய ஆபீசில் இருக்கும் வெங்கட்டுக்கு அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. தெருவில் யார் கேட்டாலும் "பிராசஸ்ல இருக்கு" என்றேன். அது நான் சொன்ன பொய். மற்றதெல்லாம் சொல்லாமல் இருந்தது.

*

பதினோரு மாத அக்ரிமென்ட் ஜூலையில் முடிந்தது. இருதயராஜ் படியேறி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சு புதுசு எழுதிருவோம். இந்தத் தடவை போலீஸ் ஸ்டேஷன்லயும் குடித்தனக்காரர் ஃபாரம் கேக்கறான். உன் கம்பெனி ஐடி கார்டு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுரு."

"சரி சார்," என்றேன்.

அதே வாரம் ஆப்பிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. ஒரே பகுதியின் ஆர்டர்களை நான் தொடர்ந்து நிராகரிக்கிறேனாம். இன்னும் ஒன்றை நிராகரித்தால் ஐடி நிறுத்தப்படும்.

அழகேசன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"பின்ன இன்னா? உன் தெரு ஆர்டர் மொத்தமும் என் தலையிலதான் வுயுது. அந்த சுதா பொண்ணு என்னைப் பாத்து, 'அண்ணா, இந்தத் தெருவுக்கு நீங்க ஒருத்தர்தானா'ன்னு கேக்குது. இன்னான்னு சொல்ல? இன்னொருத்தரு மாடியிலயே கீறாரும்மான்னு சொல்லவா?"

"சொல்லிடாதே."

"நீயே சொல்லிடு மச்சான். இஞ்சினீரு நீ, உனுக்கு இங்கிலீசுல சொல்லத் தெரியாதா?"

"ஐடி போனா திரும்ப வாங்க முடியாதா?"

"நம்மகூட நின்னுக்கினு இருந்த கிஷோருக்குப் போச்சே, பாத்தல்ல? ஆபீஸ் எங்கன்னு தேடிக்கினு அண்ணா நகர் வரிக்கும் போனான். அங்க ஒரு பியூட்டி பார்லர் கீது. மெயில் போட்டா மெசின் பதில் போடுது, 'உங்கள் பொறுமைக்கு நன்றி'ன்னு. இன்னும் பொறுமையாதான் கீறான்."

வீட்டைக் காப்பாற்ற ஆர்டர்களைத் தள்ளினேன். ஆர்டர்களைத் தள்ளினால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். இப்படி எழுதினால் எளிதாகத் தெரிகிறது. அந்த வாரம் முழுக்க அது எனக்குப் புரியாமலே இருந்தது. ஞாயிறு வரை அந்தத் தெருவில் யாரும் எதுவும் வாங்காமல் இருந்தால் போதும் என்று மட்டும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு செக்போஸ்ட் பேக்கரியில் ஒரு கேக் ஆர்டர் விழுந்தது. வாடிக்கையாளர் பெயர் நிர்மல். முகவரியைப் பார்த்தேன். என் வீடு.

கேக்கின் மேல் 'அம்மா அப்பா 40' என்று எழுதியிருந்தது. நாற்பதாவது கல்யாண நாள். மஸ்கட்டிலிருந்து மகன் அனுப்புகிறார்.

அழகேசனுக்குப் போன் செய்தேன்.

"நசரத்பேட்டைல கீறேன் மாமே. திரும்பி வர ஒன் அவர் ஆவும். இன்னா மேட்டரு?"

"ஒரு கேக்."

"ஒன் அவர்ல அது கேக்கா இருக்காது. பாயசம்."

தள்ளினால் ஐடி போகும். எடுத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

*

இருதயராஜ் கேட்டருகே நின்று தினசரி படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம். ஃபேக்டரியில் பெரிய பெரிய இரும்பை அடிக்கும் ஷாப்பில் இருந்தவர். ஒரே தடவையில் காதில் விழட்டும் என்று நான் வலது பக்கம் போய் நின்றேன். என் குரலை அவர் அறிவார். அதனால் அழகேசன் மாதிரி பேசினேன்.

"சார், கேக்கு வந்துகீது சார்."

"யாரு கேட்டா?"

"நிர்மல்னு போட்டுகீது."

அவர் முகம் மலர்ந்தது. கை நீட்டினார். கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு மேலாகவே பெட்டியை வாங்கித் திண்டின் மேல் வைத்தார்.

"சார், ஓடிபி சொல்லு சார்."

"ஓடியா? நான் ரிட்டயர் ஆகி ஏழு வருஷம் ஆச்சுப்பா. இனி என்ன ஓடி, ஓவர்டைம்?"

"ஓடி இல்ல சார், ஓடிபி. நாலு நம்பரு. போன்ல வந்துருக்கும்."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. எண் மகனின் போனுக்குப் போயிருக்கும். மகனைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். அந்த நான்கு எண் இல்லாமல் ஆர்டர் முடியாது. ஆர்டர் முடியாமல் நான் நகர முடியாது. ஜூலை வெயில். ஹெல்மெட்டுக்குள் வேர்வை கண்ணில் இறங்கியது.

"மீட்டிங்ல இருப்பான். நில்லு," என்றார்.

நின்றேன். தெருவில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. ஞானம்மாள் சொம்பில் தண்ணீரோடு வந்தார்.

"ஏங்க, வெயில்ல நிக்க வெச்சிருக்கீங்களே. இந்தாப்பா, குடி."

"வாணாம்மா. பரவால்ல."

"என்ன பரவால்ல? மூச்சு வாங்குது உனக்கு. அந்தச் சட்டியைக் கழட்டு முதல்ல."

கண்ணாடியை மட்டும் தூக்கிக் குடிக்கப் பார்த்தேன். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. ஞானம்மாள் அதட்டினார். "கழட்டுன்னு சொல்றேன்ல."

கழற்றினேன்.

ஞானம்மாள்தான் முதலில் பேசினார்.

"கார்த்தியா? நீ ஏன்யா கேட்டுக்கு வெளிய நிக்கிற?"

இருதயராஜ் என் டி-ஷர்ட்டைப் பார்த்தார். பைக்கில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு இரக்கத்தோடு கேட்டார்:

"இதெல்லாமா பண்ணச் சொல்றான் உன் கம்பெனியில?"

அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே நம்புவதற்கு ஒரு வழி திறந்து கொடுத்திருந்தார்.

"இதுதான் சார் என் கம்பெனி," என்றேன். "இங்க குடி வந்த நாள்லேருந்தே இதுதான்."

"ஐடின்னு சொன்னதெல்லாம்?"

"ஐடிதான் சார்." போனைக் கேட்டுக்கு மேலாக நீட்டினேன். "இதைத்தான் அழகேசன் சொன்னான். இதுக்கும் ஐடின்னுதான் பேரு."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். என் போட்டோ. என் பெயர். பத்து இலக்க எண். அருகில் ஐந்து நட்சத்திரம்.

"அஞ்சு ஸ்டார்," என்றார் மெதுவாக. "நான் சங்கத்துல போயி அஞ்சு ஸ்டார் கம்பெனின்னு சொன்னேனே."

அப்போது அவர் போன் அடித்தது. மஸ்கட். வீடியோ கால். நிர்மல் வாழ்த்துச் சொன்னார். கேக் வந்ததா என்று கேட்டார். எண்ணைச் சொன்னார்: ஏழு, மூன்று, மூன்று, ஒன்று. நான் அழுத்தினேன். ஆர்டர் முடிந்தது. நான் கிளம்பலாம். கிளம்பவில்லை.

"பின்னாடி யாருப்பா நிக்கிறது?" என்று போனில் நிர்மல் கேட்டது காதில் விழுந்தது.

இருதயராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாடி வீட்டுத் தம்பி," என்றார்.

*

போனை வைத்ததும் கேட்டைத் திறந்தார். "உள்ள வா."

ஐடியை ஆஃப் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பகல் நேரத்தில் நானாக ஆஃப் செய்தது அதுதான் முதல்முறை.

கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் ஒன்றில் உட்கார்ந்து எனக்கு மற்றதைக் காட்டினார். ஞானம்மாள் கேக்கை நடுவில் வைத்துவிட்டுக் கத்தி தேடப் போனார்.

"தெருப் பயலுக பயோடேட்டாவெல்லாம் வாங்கினியே?"

"அனுப்பினேன் சார். பழைய ஆபீஸ்ல ஒரு ஃபிரெண்டுக்கு. பதில் வரல."

"பிராசஸ்ல இருக்குன்ன."

"அது பொய் சார். மத்தது பேசாம இருந்தது. அதுவும் ஏமாத்துதான்." பிறகு சொன்னேன்: "மாசக் கடைசியில காலி பண்ணிடறேன் சார்."

சொல்லி முடித்ததும் கூரையைப் பார்த்தேன். மேலே என் சமையலறையில் தம்ளர்கள் இருந்தன. ரயில் வரும் நேரம்.

"காலி பண்றதைச் சொல்ல வேண்டியது நானு," என்றார். "வீட்டுக்காரன் நான்தானே?"

"அதை ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்றார் உள்ளிருந்து ஞானம்மாள்.

"நீ சும்மா இரு. கேக்க வேண்டியதைக் கேக்கறேன்." என் பக்கம் சாய்ந்தார், வலது காதைக் கொடுத்தபடி. "உன் கம்பெனிக்கு கேட் எங்க இருக்கு?"

"கேட் இல்ல சார்."

"செக்யூரிட்டி? டைம் ஆபீஸ்? யாராவது ஒரு மேனேஜர்?"

"இல்ல சார். போன்தான்."

"அப்ப உன்னைத் தேடி நான் எங்க போறது?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். எனக்கு முன்னால் மாடியில் ஒரு பையன் இருந்தானாம். ஏதோ கான்ட்ராக்ட் வேலை. மூன்று நாள் கீழே இறங்கவில்லை. கதவைத் தட்டினால் திறக்கவில்லை. உடைத்துப் பார்த்தால் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் அவன் சொன்ன கம்பெனிக்கே நேரில் போனார். அப்படி ஒருத்தனே இங்கே இல்லை என்றார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த மூன்று நாள் இவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"எனக்குத் தலைவலின்னாக்கூட ஃபேக்டரி கேட்ல என் டோக்கன் நம்பர் சொன்னாப் போதும், குவார்ட்டர்ஸ்ல இவளுக்குச் சேதி வந்துரும். அதுக்குத்தான்யா பர்மனென்ட் ஆளு வேணுங்கறது. வேற எதுக்கு? உன் சம்பளத்தை நான் கேட்டேனா?"

"இல்ல சார்."

"உனக்கு ரோட்டுல ஒண்ணுன்னா அந்தப் போன் யாருக்குச் சொல்லும்?"

அதற்கு ஆப்பில் ஒரு இடம் உண்டு. அவசரத் தொடர்பு என்று பெயர். திறந்தேன். அங்கே ஒரு எண் இருந்தது. பெயர்: பவ்யா. உறவு: மனைவி.

ஆப்பில் சேர்ந்தபோது அவள் போய் நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு எண் கொடுக்காமல் அடுத்த பக்கம் போக முடியாது என்றது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான். விரல் தானாக அடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் திறக்கவில்லை.

இந்த பிப்ரவரியில் ஒரு நாள் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அடித்தது. வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். திருத்தணியிலிருந்து தாயம்மா என்று ஒருவர் பேசினார். ராங் நம்பர் என்றேன். "அதுக்கு என்ன சாமி," என்றார். நல்ல குரல். எனக்கு ரோட்டில் ஏதாவது ஆகியிருந்தால் அந்தச் செய்தி அவருக்குத்தான் போயிருக்கும்.

இதை அவர்களிடம் சொன்னேன். தாயம்மா வரை சொன்னேன். ஞானம்மாள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதலில் சிரிப்புத்தான் வந்தது அவருக்கு. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"மாத்து," என்றார் இருதயராஜ்.

"யாரு பேரை சார்?"

"என் பேரைப் போடு. வேற யாரைப் போடுவ? அந்தத் திருத்தணி அம்மாவையா?"

பவ்யாவின் பெயரில் விரலை வைத்தேன். 'நீக்கவா?' என்று கேட்டது. ஆம், இல்லை. இருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. கீழ்வீட்டிலும் தம்ளர்கள் நடுங்கும் என்பதை அன்றுதான் கவனித்தேன். ரயில் போய் முடிந்த பிறகு ஆம் என்று அழுத்தினேன். கட்டம் காலியானது. இருதயராஜ் என்று அடித்தேன். அவர் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"உறவு என்னன்னு கேக்குது சார்."

"என்னென்ன இருக்கு?"

படித்தேன். "தந்தை, தாய், மனைவி, சகோதரர், நண்பர், மற்றவை."

"நண்பர்னு போடு," என்றார் ஞானம்மாள்.

"அறுபத்தேழு வயசுல எனக்கு இவன் நண்பனா? மற்றவை போடு."

மற்றவை என்று போட்டேன். சேமிக்கப்பட்டது என்றது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்துருவேன். வீட்டுல இரு," என்றார். "ஃபாரத்துல தொழில்னு ஒரு இடம் இருக்கு. என்ன எழுதறது?"

"டெலிவரின்னு எழுதுங்க சார்."

"டெலிவரி," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சங்கத்துல நான் ஒண்ணும் மாத்திச் சொல்ல மாட்டேன். அவனுங்களுக்கு ஐடியாவே இருந்துட்டுப் போகட்டும். ஆனா அந்த எதிர்வீட்டுப் புள்ளைகிட்ட நீயே போய்ச் சொல்லிரு. அது நெசமா வேலை தேடுது."

"இன்னிக்கே சொல்லிடறேன் சார்."

ஞானம்மாள் கேக்கை வெட்டினார். முதல் துண்டை இருதயராஜுக்கு ஊட்டப் போனார். அவர் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார். அடுத்த துண்டு எனக்கு. ஓரம் சற்று உருகியிருந்தது. நான்தான் அதைச் சுமந்து வந்தேன், ஆனாலும் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

"அந்த நம்பர் சரியா வேலை செய்யுதான்னு ஒருக்கா அடிச்சுப் பாரு," என்றார் இருதயராஜ் வாயில் கேக்கோடு.

"இங்கேயேவா சார்?"

"பின்ன? அவசரத்துல போய் சோதிப்பியா?"

அடித்தேன். அவர் சட்டைப் பையில் போன் அலறியது. எதிரில் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தவர், கண்ணாடியைச் சரிசெய்து, யார் என்று பார்த்து, பச்சையை அழுத்தி வலது காதில் வைத்தார்.

"ஹலோ, இருதயராஜ் பேசறேன். யாரு?"

"கார்த்தி சார். மாடியிலிருந்து."

"சொல்லு கார்த்தி."

சொல்ல ஒன்றும் இல்லை. "நல்லா இருக்கேன் சார்," என்றேன்.

"நல்லாக் கேக்குது," என்றார். "வெச்சுரு."